தூர்த்த கிணற்றுத் தண்ணீர்

பாப்பா,

நேற்று சாயங்காலம் நான் ஓட்டுகிற பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "எழுதிடறேம்பா, ஒரு வரிதான" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு நடந்து போய்விட்டாய். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், ஒரு வரிதான். உன் பிஎச்டி கைடு போனில் எனக்குச் சொன்னதை நான்தான் உன்னிடம் வந்து சொன்னேன். வருகிற சனிக்கிழமை உன் பழைய குழு கம்ப்யூட்டரில் கூடும்போது, கடப்பாக்கத்துக் கிணற்றைப் பற்றி நீ அன்றைக்குச் சொன்னது ஞாபகப் பிசகு என்று எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். எழுதிவிட்டால் நின்றுபோன உன் ஆராய்ச்சியைத் திரும்பத் தொடர அவர் வழி பண்ணுவார். எழுதாவிட்டால் அடுத்த வாரம் நீ ஹைதராபாத்துக்கு ரயில் ஏறி, நீ வேலை பார்க்கிற கம்பெனி மாற்றிப் போட்ட இடத்தில் உட்கார்ந்து யார் யாருடைய கம்ப்யூட்டர் ரிப்பேரையோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நேரில் பேசினால் எனக்குக் கோபம் வரும், உனக்கு அழுகை வரும், உங்கம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். அதனால்தான் எழுதுகிறேன். இதில் மறைத்துவைக்க ஒன்றுமில்லை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ பிஎச்டி சேர்ந்த புதிதில் அது என்ன படிப்பு என்றே எனக்கு விளங்கவில்லை. மகாபலிபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் கரையோரக் கிணறுகளில் கடல் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்கிற படிப்பு என்றாய். "வாயில ஊத்திப் பாத்தா தெரியாதா இன்னா, அதுக்கு எதுக்கு இத்தினி வருசம்" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அந்த நாட்களில் நீ சிரிப்பதே குறைவு. காலேஜ் லேபில் நீ வாயைத் திறந்தது 'எஸ் சார்' சொல்வதற்கு மட்டும்தான். கைடு உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை வரக்கூடாது, அவர் வீட்டு விசேஷத்துக்குப் பந்தி பரிமாறவும் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தப்பாகவே படவில்லை. படிக்கிற இடத்தில் மரியாதை வேண்டாமா என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் நீ சோற்றைப் பிசைந்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாய். என்ன ஆச்சு என்று உங்கம்மா கேட்டால், ஒன்றுமில்லை என்பாய்.

அப்புறம்தான் அந்தக் குழு வந்தது. பல தேசத்துப் பிள்ளைகள், எல்லோரும் தண்ணீரைப் பற்றியே படிக்கிறவர்கள், சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு கட்டமாகத் திரையில் வந்து உட்காருவார்கள். ஒருவர் தான் எழுதியதைப் படிப்பார், மற்றவர்கள் அதில் எது சரி எது கோணல் என்று சொல்வார்கள். நடத்துகிறவர் தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரம்மா. நீ முதல் நாள் 'ரெஸ்பெக்டட் சார், ரெஸ்பெக்டட் மேடம்' என்று எழுதிப் போட்டாய். இங்கே சாரும் கிடையாது மேடமும் கிடையாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அந்தம்மா சொன்னாராம். "பேர் சொல்லி கூப்டணுமாம்பா, வாயே வரமாட்டேங்குது" என்று என்னிடம் வந்து நின்றாய். முதலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிக்கொள் என்றேன். நீயும் கூப்பிட்டாய். உங்கம்மா கரண்டியோடு உன்னைத் துரத்தியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று ஒருத்தர்கூடக் கேட்காத இடம் அது என்று நீ சொன்னபோது அவள் நம்பவே இல்லை. கேட்காமல் எப்படி உட்கார வைப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். கழனியில் நாற்று நட்டவர்கள் பெற்ற பெண் அவள், அவளுக்கு அந்தச் சந்தேகம் வராமல் வேறு யாருக்கு வரும்?

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு என்று சொன்னாய். ஒருவர் படித்து முடித்ததும், இதுவரை மிகக் குறைவாகக் கட்டுரைகளை அச்சில் போட்டவர் யாரோ அவர்தான் முதலில் பேச வேண்டும். பெரிய புரொபசர்கள் கடைசிவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் அதற்குமேல் பேச மாட்டார்கள் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்களாம். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. உன் முறை வரும்போதெல்லாம் நீ 'பாஸ்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். கேமராவும் போட மாட்டாய். ரொம்ப நாள் அப்படியே ஓடியது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஆப்பிரிக்காவில் எங்கோ இருக்கிற ஒரு பையன் அவன் ஊர்க் கிணறுகளைப் பற்றிப் படித்தான். நம் வீட்டில் சமையல்கட்டு ஜன்னல் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் நீ அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். திடீரென்று பேச ஆரம்பித்தாய். உங்கம்மா சட்டென்று அடுப்பை அணைத்து, விசில் வராமல் குக்கரை இறக்கி வைத்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அது 'எஸ் சார்' சொல்கிற குரல் இல்லை. என்னிடம் பேசுகிற குரலும் இல்லை. அவசரப்படாமல், யாரிடமும் கெஞ்சாமல், உனக்குத் தெரிந்ததை நீ சொல்லிக்கொண்டிருந்தாய். என் மகளுடைய குரலை அன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று எனக்குப் பட்டது. அதை உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடக்கப் போய்விட்டேன்.

கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். லேப் வண்டி எப்போது கேட்டாலும் கிடைக்காது, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பைக்கில்தான் போவோம். பின்சீட்டில் நீ, உன் மடியில் பாட்டில் பெட்டி. கல்பாக்கம் தாண்டினால் வெயிலும் உப்புக் காற்றும் முகத்தில் அறையும். அந்தக் கோடையில் கடப்பாக்கத்துக்குப் போனபோது மீனவர் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கிணற்றைக் காணோம். உடைந்த சிமென்ட்டும் செங்கல்லும் கிழிந்த வலையுமாகக் கொட்டி மூடியிருந்தார்கள். கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை, "அது போன மாசமே தூத்துட்டாங்களே. புள்ளைங்க வியுந்துரும்னு பயம். தண்ணியும் உப்பு, ஆரு குடிக்கறது" என்றாள். இவ்வளவு தூரம் வந்து காலி பாட்டிலோடு திரும்புவதா என்று எனக்கு எரிச்சல். பக்கத்தில் ஒரு அடிபம்பு இருந்தது. "தோ, அதுல புடிச்சினு போலாமே, ஒரே ஊரு தண்ணிதான" என்று நான்தான் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அது வேற தண்ணிப்பா" என்று சொல்லிவிட்டு, அந்தக் கல் குவியல்மேலேயே உட்கார்ந்து, உன் நோட்டில் அந்தக் கிணற்றுக்கு நேராக, தண்ணீர் எடுக்கவில்லை என்று ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு எழுந்தாய். வருகிற வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

உன் கைடை அந்தக் குழுவுக்குக் கூப்பிட்டது நீதான். யாரும் உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஆனால் நம்மால் அப்படித்தானே யோசிக்க முடியும்? கைடுக்கு முதல் மரியாதை செய்யாமல் சிஷ்யப் பெண் ஒரு சபையில் பேசிக்கொண்டிருப்பதா என்று உனக்கு உறுத்தியது. கல்யாணப் பத்திரிகையை முதலில் பெரியவர் கையில் கொடுப்பதுபோல, அவர் ஒரு நாள் வந்து பேசட்டும் என்று அந்தம்மாவிடம் நீ கேட்டு வாங்கினாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர் வந்தார், நம் கரையோரக் கிணறுகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைப் பேசினார். உன் தண்ணீர், உன் கணக்கு. உன் பேர் மூன்றாவதாக இருந்தது, ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்காத ஒருவருடைய பேருக்குப் பின்னால். அதைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய். கடைசியில் திரையில் ஒரு வரைபடம் வந்தது, ஒவ்வொரு கிணறும் ஒரு புள்ளி. கடப்பாக்கத்துப் புள்ளிக்குப் பக்கத்தில், நீ கோடு இழுத்த இடத்தில், அந்தக் கோடைக்கு என்று ஒரு உப்பு அளவு போட்டிருந்தது.

அவர் பேசி முடித்தார். வழக்கப்படி குறைவாக அச்சில் போட்டவர் முதலில் பேச வேண்டும். அன்றைக்கு அது நீ. 'பாஸ்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உன் கழுத்தில் வேர்வை இறங்குவது தெரிந்தது. நீ பேசினாய். அந்தக் கிணறு தூர்ந்துபோய்விட்டது, அந்தக் கோடையில் அதில் தண்ணீர் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது, நான் நேரில் போனேன் என்று சொன்னதாக அப்புறம் எனக்குத் தமிழில் சொன்னாய். அந்தம்மா ஏதோ கேட்டார். நீ பதில் சொன்னாய். அந்தப் பதிலில் எனக்குத் தெரிந்த ஒரு வார்த்தை இருந்தது, பாப்பா. அலோன். உன்கூட வேறு யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார், தனியாகத்தான் போனேன் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

எனக்குச் சுருக்கென்றது. இன்றுவரை இதை உன்னிடம் கேட்டதில்லை. பஸ் ஓட்டுகிற அப்பனை அந்தச் சபையில் இழுத்தால் சிரிப்பார்கள் என்று நினைத்தாயா, இல்லை, உன் சண்டையில் என் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தாயா, தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு உன்மேல் வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். முதலாவது என்றால் வருத்தம்தான். ஆனால் நான் என்ன யோக்கியம்? நாலு எட்டு வைத்தால் உன் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். நானும் இருந்தேன் என்று தமிழிலேயே சொல்லியிருந்தால் நீ மாற்றிச் சொல்லியிருப்பாய். இங்கிலீஷ் பேசுகிற அந்த முகங்களைப் பார்த்ததும் கால் நகரவில்லை. உன் கைடு அதைத்தான் பிடித்துக்கொண்டார். சிரித்த முகமாக, பெண் குழம்பிப்போயிருக்கிறாள், ஒருத்தியின் ஞாபகத்தை வைத்து என்ன சொல்வது, பார்த்துச் சொல்கிறோம் என்று முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உன் நாற்காலியை வராந்தாவுக்கு மாற்றினார்கள். முன்னேற்றம் திருப்தியில்லை என்று எழுதினார்கள், உதவித்தொகைத் தாளில் கையெழுத்து விழவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் கேன்டீனில் உன்னைப் பார்த்தால் டம்ளரோடு வேறு மேஜைக்குப் போனார்கள். அவர்களை நான் திட்ட மாட்டேன், அவர்களுக்கும் அதே கைடு கையெழுத்துத்தான் வேண்டும். எனக்குக் கோபம் வந்தது உன் அந்தக் குழுவின்மேல்தான். முதல் வாரம் உன் போன் ஓயவில்லை. நீ தைரியசாலி, உன்னால் பெருமை என்று எழுதிக் குவித்தார்கள், இதயப் படமாக அனுப்பினார்கள். யாரோ அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதிப் போட்டார்கள். பத்திரிகை கைடைக் கேட்டது, பக்கத்து அடிபம்பில் எடுத்தது என்று அவர் பதில் சொன்னார், கட்டுரைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான். அடிபம்பு! நான் சொன்ன அதே திருட்டு யோசனை. அடுத்த சனிக்கிழமை வேறு ஒருவர் வேறு ஒரு நதியைப் பற்றிப் பேசினார், அவர்கள் அதற்குப் போய்விட்டார்கள். உன்னைத் தைரியசாலி என்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இரு. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எட்ட நின்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இதையும் சொல்ல வேண்டும், உனக்குப் பேச இடம் கொடுத்தவர்களும் அவர்கள்தான், வேறு யாரும் கொடுக்கவில்லை.

நீயாகவே படிப்பை நிறுத்தினாய். குழுவிலிருந்தும் விலகினாய். சிறுசேரியில் வேலை கிடைத்து, நான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸிலேயே வந்துகொண்டிருக்கிறாய். திருப்போரூர் ரோட்டில் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க வேண்டிய நான் உன்னைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று நீ காதில் ஒயர் மாட்டிக்கொள்கிறாய். அதன் மறுமுனை எதிலும் செருகாமல் பைக்கு வெளியே தொங்குகிறது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் மறதி என்று விட்டுவிடுவேன். தினமும் அப்படித்தான் தொங்குகிறது. நீ எதையும் கேட்கவில்லை, எதையும் பேசவும் இல்லை. உன்னை இப்படிப் பார்ப்பதற்கு நான் அந்த ரூட்டையே மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் கண்ணாடியில்தான் உன்னைப் பார்க்கவே முடிகிறது.

இப்போது கைடு எதற்கு என்னைக் கூப்பிட்டார் தெரியுமா? அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. வெளிநாட்டில் யாரோ ஒரு மாணவி நம் கரையோரத்துக் கணக்கைத் தன் ஆராய்ச்சிக்கு எடுத்தவள், அந்த ஒரு புள்ளி மட்டும் பொருந்தவில்லை என்று குழுவில் திரும்பக் கிளப்பியிருக்கிறாளாம். சனிக்கிழமை அதைப் பேசப்போகிறார்கள், உன்னையும் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "நீங்க அவங்கப்பாதானே? பொண்ணு வாழ்க்கை வீணாப் போகுதுங்க. ஒரு வரி எழுதச் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் "சரிங்க சார்" என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே உறைத்தது.

உன்னை எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாப்பா. எழுதாவிட்டால் உண்மை ஜெயிக்கும், நாலு பேர் மெச்சுவார்கள் என்றெல்லாம் நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்பவில்லை. இன்னொரு பொடி வரி சேர்ப்பார்கள், அதோடு போய்விடும். எழுதினால் பட்டம் ஒருவேளை வரும். வந்தால் நம் தெருவில் யாருக்கும் இல்லாத ஒன்று உன் பேருக்கு முன்னால் இருக்கும், உங்கம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லுவாள். அந்த மனுஷனோ சொன்னதைச் செய்யாமலும் விடலாம். அது உன் படிப்பு, உன் வயிறு, நீயே முடிவு பண்ணிக்கொள். ஹைதராபாத் போனால் வேளைக்குச் சாப்பிடு, ஹாஸ்டலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் பதில் சொல். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

குறைவாக அச்சில் போட்டவர்தான் முதலில் பேச வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். நான் என் ஆயுசில் ஒரு வரி அச்சில் போட்டவன் இல்லை. அப்படியென்றால் சனிக்கிழமை உனக்கு முன்னால் என் முறை வருகிறது. கீழே இருப்பதை அப்படியே இங்கிலீஷில் மாற்றிச் சொல், ஒரு வார்த்தையும் கூட்டாதே குறைக்காதே.

நான் சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளை என் பைக்கில் கடப்பாக்கத்துக்கு அழைத்துப் போனேன். அந்தக் கிணற்றைத் தூர்த்திருந்தார்கள். அதில் தண்ணீர் இல்லை. பக்கத்து அடிபம்பில் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன், அவள் மாட்டேன் என்றாள். அவள் அங்கே தனியாக இல்லை.

இதைச் சொல்லி முடித்த பிறகு உன் முறை. அப்போதும் ஞாபகப் பிசகு என்று நீ எழுதுவதாக இருந்தால் எழுது. நம் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறோம் என்று அவர்கள் நினைப்பார்கள். அது நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பறிபோகப் பட்டம் எதுவும் இல்லை. இது யார் கண்ணில் பட்டாலும் படட்டும் என்று எழுதியதும் இதற்காகத்தான். நீ என்ன எழுதினாலும் உன் பேருக்குப் பக்கத்தில் என் பேச்சும் ஒன்று கிடக்க வேண்டும்.

சனிக்கிழமை என் வண்டிக்கு வேறு டிரைவர் போடச் சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பு பற்றவைக்க வேண்டாம் என்று உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருக்கும்.

அப்பா